புயல் ஒரு ராத்திரி, மிச்சம் பல வருஷம்: வேதாரண்யம் பக்கம் அக்காவைக் கட்டிக் குடுத்த தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: நீங்க மோல்மேன்ல இருக்கீங்க, அக்காவை வேதாரண்யம் பக்கத்துல ஒரு கிராமத்துல கட்டிக் குடுத்திருக்கீங்க, ஐப்பசி கார்த்திகை வந்தா வீட்ல அம்மாவுக்குத் தூக்கமே கிடையாது. அங்க கிராமத்துல பெரிய புயல் அடிச்சா நெசமா என்ன நடக்கும், அதுக்கப்புறம் ஜனங்க எப்படிப் பொழைக்கறாங்க, இங்க பர்மாவுல உக்காந்துக்கிட்டு நாம என்ன செய்ய முடியும்.

இதுக்கு நான் பதில் சொல்லலாம்னு நெனைக்கறேன், ஏன்னா ரெண்டு பக்கத்துப் புயலையும் உள்ள இருந்து பாத்திருக்கேன். எனக்கு ஊரு ரங்கூன் பக்கத்துல இருக்கற சிரியம். 2008 மே மாசம் நர்கிஸ் புயல் வந்தப்ப இங்கதான் இருந்தேன், தகரமும் ஆணியும் விக்கற கடை அப்பவும் வச்சிருந்தேன் இப்பவும் வச்சிருக்கேன். 2018ல தீபாவளிக்கு எங்க சித்தியைப் பாக்க ஆயக்காரன்புலம் பக்கம் போயிருந்தேன், போன எடத்துல கஜா புயல் வந்து மாட்டிக்கிட்டு ஒன்றரை மாசம் அங்கயே இருந்துட்டு வந்தேன். அதனால நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிங்க, முடிஞ்சா அம்மாவுக்கும் படிச்சுக் காட்டுங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எல்லாரும் பயப்படறது அந்த ராத்திரிக்குத்தான், பயப்பட வேண்டியதுதான், ஆனா அந்த ராத்திரிக்கு ஒழுங்கா ஒரு கான்கிரீட் கட்டடத்துக்குள்ள போய் உக்காந்துட்டா உயிர் தப்பிச்சுடும். ஊரை உடைக்கறது அதுக்கப்புறம் வர்ற மாசங்கள்தான், தண்ணி, கரண்டு, கடன், சாஞ்ச மரம், அரசாங்கத்துக் காயிதம். வெளியூர்ல இருக்கற நாம உருப்படியா உதவ முடியறதும் அந்த மாசங்கள்லதான். ஆனா அதுக்குள்ள நம்ம எல்லாருக்கும் அது மறந்து போயிருது.

கஜா 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முந்தி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. அதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே டிவில சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா எந்த ஊர்னு குறிப்பா சொல்லல, மொதல்ல சென்னைப் பக்கம்னாங்க, அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுலன்னாங்க, அது எவ்ளோ நீளக் கரை பாருங்க. 15ஆம் தேதி பகல்ல எங்க சித்தி வீட்டுத் தோப்புல ஒரு ஓலை ஆடல. வானம் மூடிக்கிட்டு லேசா தூறல் அவ்ளோதான். டீக்கடையில உக்காந்து இதெல்லாம் சும்மா பயமுறுத்தறாங்கன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், அதுக்கு முந்தி எத்தனையோ எச்சரிக்கை வந்து ஒண்ணுமில்லாம போயிருக்கு. ஆனா எங்க சித்தி நம்புனாங்க. அவங்களுக்கு 1977 நவம்பர் புயல் ஞாபகம் இருக்கு, அவங்க மாமியார் 1952 புயலைப் பத்தி சொன்னதும் ஞாபகம் இருக்கு. மத்தியானமே அரிசிப் பானையை மேடான எடத்துல ஏத்தி வச்சு, கொடத்துல எல்லாம் தண்ணி புடிச்சு, பட்டா, ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாத்தையும் ரெண்டு பிளாஸ்டிக் பையில ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்டுக் கட்டி இடுப்புல செருகிக்கிட்டாங்க. அப்புறம் தொழுவத்துக்குப் போய் மாடு கண்ணு எல்லாத்தையும் அவுத்து விட்டாங்க. சித்தப்பா திட்டுனாரு, மாடு ஓடிப்போயிரும்னு. கட்டிப் போட்ட மாடு கொட்டகை விழுந்தா அடியில மாட்டிக்கிட்டு சாகும், அவுத்து விட்டது எங்கயாவது ஒதுங்கித் திரும்பி வரும்னு சித்தி சொன்னாங்க. வந்துச்சு தம்பி, ரெண்டும் வந்துச்சு. பக்கத்து வீட்ல கட்டியே வச்சிருந்த ரெண்டு பசுவும் கொட்டகைக்கு அடியில செத்துக் கெடந்துச்சு.

முகாமுக்குப் போங்கன்னு ஆட்டோவுல மைக் வச்சு சொல்லிட்டுப் போனாங்க. மொத்தமா எண்பதாயிரம் பேருக்கு மேல முகாம்கள்ல தங்க வச்சாங்க, அது பெரிய வேலை, அதனாலதான் சாவு கொறைஞ்சுது. ஆனா ஒரு விஷயம் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி நடக்குது, பொம்பளைங்க பிள்ளைங்களை அனுப்பிட்டு ஆம்பளைங்க வீட்டைப் பாத்துக்கறேன்னு இருந்துடறாங்க. வீட்டை எப்படிப் பாத்துக்க முடியும், கூரை பறக்கறப்ப புடிச்சுக்கிட்டா இருக்க முடியும்? உங்க மச்சான் அப்படி சொன்னாருன்னா ஃபோன்ல சண்டை போட்டாவது கெளப்புங்க.

நாங்க சித்தி வீட்லேர்ந்து நாலு வீடு தள்ளி ஒரு கான்கிரீட் மெத்தை வீட்டுக்குப் போயிட்டோம். ஒரே ஹால்ல 26 பேர், ரெண்டு கைக்குழந்தை, ஒரு நிறைமாசப் பொண்ணு. ஒன்பது மணிக்கு மேல கரண்டை நிறுத்திட்டாங்க. பதினோரு மணிவாக்குல காத்து ஏற ஆரம்பிச்சுது, வடக்கேர்ந்து, வாடைக்காத்துன்னு சொல்லுவாங்கல்ல அந்தத் தெசை. மொதல்ல அலை மாதிரி வந்து வந்து போச்சு, அப்புறம் போறதே இல்ல, ஒரே இரைச்சல், லாரி ஒண்ணு வீட்டைச் சுத்தி நிக்காம ஓடற மாதிரி. அதுக்கு நடுவுல தென்னை விழற சத்தம். ஒரு மரம் விழுந்தா தரை அதிருது, உக்காந்திருக்கறவங்களுக்கு அடியில தெரியுது. மொதல்ல ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு இருந்த சித்தப்பா இருபதுக்கு மேல எண்ணறதை விட்டுட்டாரு. ஓடும் ஷீட்டும் பறந்து சுவத்துல மோதி உடையற சத்தம். ஜன்னல் சந்து வழியா மழை படுக்கை வாட்டுல உள்ள வந்து எதிர்ச் சுவரு நனைஞ்சுது.

ரெண்டு மணிவாக்குல திடீர்னு நின்னுருச்சு. சுத்தமா. ஜனங்க சாமி கும்பிட்டாங்க, நாலஞ்சு பேர் டார்ச்சை எடுத்துக்கிட்டு வீட்டைப் பாத்துட்டு வர்றோம்னு கெளம்பிட்டாங்க. அந்த எடத்துல மட்டும் நான் கத்துனேன். நர்கிஸ் எங்களுக்கு நடு ஊடால போகல, ஆனா எங்க கடைக்கு வர்ற படகோட்டிங்க சொல்லிக் கேட்டிருக்கேன், புயலுக்கு நடுவுல ஒரு ஓட்டை இருக்கு, புயலோட கண்ணுன்னு சொல்றாங்களே அது. அது மேல போறப்ப காத்து நிக்கும், கொஞ்ச நேரத்துல எதிர்த் தெசையிலேர்ந்து அதே வேகத்துல அடிக்கும். நம்ம பக்கத்துப் புயல் எல்லாம் கடியாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமா சுத்தறது, கெழக்கேர்ந்து கரையேறி மேற்கே போனா முன்பாதியில வாடை அடிக்கும், பின்பாதியில தெக்கேர்ந்து சோழகம் அடிக்கும். வடக்கத்திக் காத்துக்கு ஆட்டம் கண்டு நிக்கற மரமும் சுவரும் தெக்கத்திக் காத்துக்கு விழும். ரெண்டு பேர் கேக்காம போயிட்டாங்க, ஒருத்தருக்குக் கால் முறிஞ்சுது. அரைமணி நேரம் இருக்கும், திரும்ப அடிச்சுது, என் அனுபவத்துல ரெண்டாவது தடவைதான் மோசம். இதை அக்காகிட்ட திருப்பித் திருப்பிச் சொல்லுங்க: காத்து படிப்படியா கொறைஞ்சா புயல் போகுதுன்னு அர்த்தம், பட்டுன்னு நின்னா நடுவுல இருக்கோம்னு அர்த்தம், கதவைத் திறக்கக் கூடாது.

காத்தைப் பத்தி இன்னும் ஒண்ணு. டிவில 60 கிலோமீட்டர், 120 கிலோமீட்டர்னு சொல்றப்ப 120ங்கறது ரெண்டு மடங்குதானேன்னு நெனைச்சுக்கறோம். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற பலம் நாலு மடங்கு ஆகும். இந்திய வானிலைத் துறை கணக்குல 62க்கு மேல புயல், 89க்கு மேல தீவிரப் புயல், 118க்கு மேல அதிதீவிரப் புயல், 222க்கு மேல போனா சூப்பர் புயல். துறைமுகத்துல கூண்டு ஏத்தறாங்களே, அதுல 8, 9, 10 வந்தா பெரிய ஆபத்து, 10ன்னா அந்தத் துறைமுகத்து மேலயோ ஒட்டியோ கடக்கப் போகுதுன்னு அர்த்தம். நாகையில 10 ஏத்துனாங்கன்னு கேள்விப்பட்டீங்கன்னா உடனே அக்காவுக்கு ஃபோன் போடுங்க, அப்புறம் லைன் இருக்காது.

ஆனா காத்தை விடப் பெரிய எமன் கடல்தண்ணி. அதை நான் இங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். நர்கிஸ் 2008 மே 2ஆம் தேதி ஐராவதி முகத்துல ஏறி, கரையை ஒட்டியே கெழக்கால வந்துச்சு. கடல்லேர்ந்து விலகி உள்ள போயிருந்தா பலம் கொறைஞ்சிருக்கும், இது கரையோரமாவே வந்ததால கொறையவே இல்ல. லபுட்டா, போகலே பக்கம் எல்லாம் நெலம் தட்டு மாதிரி இருக்கும், அங்க கடல் மூணு நாலு மீட்டர் உசரத்துக்கு எழும்பி ராத்திரியில உள்ள வந்துருச்சு. அரசாங்கக் கணக்குல செத்தவங்க 84,537 பேர், காணாமப் போனவங்க 53,836 பேர். அதுல பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான் அதிகம், மரத்தைப் புடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா தொங்கறதுக்குக் கையில தெம்பு வேணும்ல. எங்க கடையில தகரம் வாங்குற போகலேக்காரர் ஒருத்தர், வீட்ல ஏழு பேர்ல அவரும் மூத்த பையனும்தான் மிச்சம். மூணு மாசம் கழிச்சு வந்து நின்னாரு, தகரம் எத்தனை வேணும்னு கேட்டேன், ரெண்டு பேருக்குத்தானே, பாதி போதும்னாரு. அந்தப் பேச்சு இன்னும் என் காதுல இருக்கு.

இந்தியாவுலேர்ந்து பர்மா அரசாங்கத்துக்கு முன்கூட்டியே எச்சரிக்கை குடுத்திருந்தாங்க. அது அந்தப் படகுத்துறை கிராமங்களுக்குப் போய்ச் சேரல. போய்ச் சேர்ந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒடிஷாவைப் பாருங்க. 1999 அக்டோபர்ல அடிச்ச சூப்பர் புயல்ல அங்க கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் செத்தாங்க. அப்புறம் கரையோரம் தூண் மேல நிக்கற புயல் பாதுகாப்பு மண்டபங்களைக் கட்டி, ஊர் ஊரா ஆளுங்களைப் பழக்கி வச்சாங்க, 2013ல பைலின் வந்தப்ப பத்து லட்சம் பேர் அளவுக்கு முன்னாடியே எடம் மாத்துனாங்க, சாவு நூத்துக்கும் கீழ நின்னுருச்சு. அதனால உங்க அக்கா வீடு கடல்லேர்ந்து எவ்ளோ தூரம், எவ்ளோ மேடுன்னு மொதல்ல கேளுங்க. புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், ஆற்காட்டுத்துறை மாதிரி கடலோரம்னா கான்கிரீட் வீடு இருந்தாலும் பத்தாது, உள்ளே தள்ளி வந்துடணும். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் மாதிரி உள்ளூர்னா நல்ல மெத்தை வீடு போதும்.

என் தொழில்ங்கறதால கூரையைப் பத்தி ரெண்டு வார்த்தை. காத்து கூரையை மேலேர்ந்து அமுக்கி உடைக்கறதில்ல, இறவாரத்துக்கு அடியில புகுந்து மேல தூக்கறது, மேல ஓடற காத்தும் உறிஞ்சி இழுக்கறது. அதனால மொதல்ல போறது ஓரத்து ஷீட்டும் மூலை ஷீட்டும்தான், ஒண்ணு கழண்டா மத்தது வரிசையா போகும். ஓரத்துலயும் மூலையிலயும் ஷீட்டைப் புடிக்கற ஊக்கு ரெண்டு மடங்கு நெருக்கமா போடச் சொல்லுங்க, வாஷர் இல்லாத ஆணி தகரத்தைக் கிழிச்சுக்கிட்டு வந்துடும். இறவாரம் ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா கொறைக்கணும். தகரத்து மேல கல்லையும் மணல் மூட்டையையும் ஏத்தறாங்க, அது ஓரளவுக்குத்தான், பெரிய காத்துல அந்தக் கல்லே தலையில விழும், அதுக்குக் குறுக்கே கயிறு போட்டு ரெண்டு பக்கமும் தரையில ஆழமா முளை அடிச்சுக் கட்டறது மேல். ஆனா இதெல்லாம் வீட்டைக் காப்பாத்தறதுக்கு, ஆளு உள்ள இருக்கறதுக்கு இல்ல.

விடிஞ்சதுக்கப்புறம் வெளிய வந்தோம். என்ன தெரியுமா மொதல்ல தோணுச்சு, ஊரு ரொம்ப வெளிச்சமா இருக்கு. எப்பவும் தோப்பு நெழல்ல இருக்கற ஊரு, அன்னைக்கு வானம் தரை வரைக்கும் எறங்கி இருந்துச்சு. பச்சை ஓலையும் மாவெலையும் நசுங்குன வாசனை. அடுத்த தெருவுல எது யாரு வீடுன்னு அந்த ஊர்லயே பொறந்தவங்களுக்கு அடையாளம் தெரியல, ஏன்னா அடையாளம் எல்லாம் மரம்தானே. பனை மட்டும் அங்கங்க நின்னுக்கிட்டு இருந்துச்சு. சித்தி வீட்டு ஓடு பூரா தரையில. சித்தி வாசல்ல நின்னுக்கிட்டு சொன்னாங்க, "இது மூணாவது தடவைடா தம்பி. கப்பல்ல வந்து இறங்குனப்ப ஒரு தடவை, எழுபத்தேழுல ஒரு தடவை, இப்ப." சித்தி 1965ல எங்க பாட்டியோட ரங்கூன்லேர்ந்து போனவங்க. கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு, கையில ஒண்ணுமில்லாம நம்மாளுங்க ஆயிரக்கணக்குல கப்பலேறுன காலம். எங்க அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால பர்மாவுலயே தங்கிட்டாங்க.

இப்ப அந்த மாசங்களைப் பத்தி சொல்றேன். மொத நாளு ரெண்டாம் நாளு வெளியேர்ந்து யாரும் வர மாட்டாங்க, வர முடியாது, ரோடு பூரா மரம். ஊர்க்காரங்களே அரிவாளும் கோடாலியும் எடுத்துக்கிட்டு வெட்டி வெட்டி மெயின் ரோடு வரைக்கும் வழி பண்ணுனாங்க. மெஷின் வாள் இருக்கற ஒரு ஆளு அன்னைக்கு ராசா மாதிரி. சோத்துக்குப் பெரிசா கஷ்டம் இல்ல, விழுந்த எளநியும் தேங்காயும் இருக்கு, வீட்டுக்கு வீடு நெல்லு இருக்கு, பொதுவுல ஒரே அடுப்புல ஆக்குனோம். தண்ணிதான் கொன்னுருச்சு. எல்லா வீட்லயும் போர்வெல் மோட்டார், கரண்டு இல்லன்னா சொட்டு வராது. அடிபம்பு ஊருக்கே ஒண்ணு ரெண்டு, அதுல விடிகாலை மூணு மணிக்கே கொடம் வரிசையில நிக்கும். நாலாம் நாளு வெளியூர்லேர்ந்து ஜெனரேட்டரை வண்டியில வச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க, டேங்க் ஒண்ணு ரொப்ப இவ்ளோன்னு காசு. இங்க நர்கிஸுக்கப்புறம் ரங்கூன்லயும் இதே கதைதானே, மாடியில தண்ணி இல்லாம மெழுகுவர்த்தி வெலை ஏறி வாரக்கணக்குல கெடந்தோம். ஐராவதி முகத்துல குடிதண்ணிக் குளத்துல எல்லாம் உப்பு ஏறிப்போச்சு, கூடவே மழைக்காலம் வந்ததால துவந்தே ஊர்ல செய்யற மண்பானையில மழைத்தண்ணி புடிச்சு உயிர் வச்சிருந்தாங்க.

கஜாவுல ஒரு லட்சத்துக்கும் மேல கரண்டு கம்பம் சாஞ்சுது. பல ஜில்லாவுலேர்ந்தும் கேரளாவுலேர்ந்தும் லைன்மேன்கள் வந்து வயல் சேத்துல முழங்கால் வரைக்கும் நின்னு கம்பம் நட்டாங்க, ஊர்ஜனம் கூட நின்னு தோள் குடுத்து தூக்குனாங்க, தங்க எடமில்லாம பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல படுத்துக்கிட்டாங்க. அவங்களை நெனைச்சா எனக்கு இன்னும் கண்ணு கலங்குது. எங்க ஊருக்கு வெளிச்சம் வர முப்பத்திரண்டு நாள் ஆச்சு, சில உள் கிராமங்களுக்கு அதுக்கும் மேல.

நிவாரண லாரி வர ஆரம்பிச்சப்ப ஒரு கொடுமை நடந்துச்சு. மெயின் ரோட்டை ஒட்டி இருக்கற ஊருக்கு எல்லாம் கிடைச்சுது, மூணு கிலோமீட்டர் உள்ள இருக்கற ஊருக்கு ஒண்ணும் இல்ல. அதனால உள்ளூர் ஜனம் பூரா ரோட்டுக்கு வந்து நின்னுச்சு. வருஷா வருஷம் அறுவடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் வயிறார சோறு போட்ட சம்சாரிங்க, ரோட்டோரமா கையை நீட்டிக்கிட்டு நின்னாங்க தம்பி. சித்தப்பா ஒரு நாள் நின்னுட்டு மறுநாள் போகமாட்டேன்னுட்டாரு, பட்டினி கெடக்கறேன்னுட்டாரு. நல்ல மனசோட வந்தவங்கதான், ஆனா லாரியிலேர்ந்து பொட்டலத்தைத் தூக்கிப் போட்டா வாங்கறவனுக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கல. பழைய துணி மூட்டை மூட்டையா வந்து ரோட்டோரம் மழையில நனைஞ்சு அழுகிக் கெடந்துச்சு. தயவுசெஞ்சு துணி அனுப்பாதீங்க, மோல்மேன்லேர்ந்து கைலியும் அனுப்பாதீங்க. பொம்பளைங்களுக்கு மாத்து உள்ளாடையும் நாப்கினும் வேணும், அதை யாரும் கேக்கவும் மாட்டாங்க, கொண்டு வரவும் மாட்டாங்க. ஒதுங்கறதுக்கு மரத்து மறைவு கூட இல்லாம போச்சு, அதுக்காகவே தண்ணி குடிக்காம இருந்த பொண்ணுங்க எத்தனை பேர்.

சாவு புயலுக்கப்புறமும் வரும், அதை மட்டும் வேகமா சொல்லிடறேன். அறுந்து கெடக்கற கம்பியை யாரும் தொடக் கூடாது, கரண்டு இல்லன்னாலும் எங்கயோ ஒரு வீட்ல ஜெனரேட்டர் போட்டிருந்தா அதுல பாயலாம். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள வச்சு ஓட்டக் கூடாது, புகையிலயே தூங்கினபடி போயிடுவாங்க. சாஞ்ச ஓலைக்கு அடியில, வீட்டுக்குள்ள, பாம்பு ஒதுங்கி இருக்கும், கையை விடறதுக்கு முந்தி கம்பால தட்டணும், கடிச்சா கட்டுப் போட்டு நேரத்தைக் கழிக்காம ஆஸ்பத்திரிதான். நனைஞ்ச ஓட்டு மேல ஏறி விழுந்தவங்க எங்க ஊர்லயே மூணு பேர். வயித்துப்போக்கு வந்தா ஒரு லிட்டர் கொதிக்க வச்சு ஆறுன தண்ணியில சமமட்டமா ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அதைக் கலக்கி அடிக்கடி குடுக்கணும்.

அப்புறம் மரம். வேதாரண்யத்துல மாவும் முந்திரியும் தென்னையும், அந்தப் பக்கம் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பூரா தென்னைதான், லட்சக்கணக்குல சாஞ்சுது. நெல்லு போனா அடுத்த போகம் இருக்கு. நெட்டைத் தென்னை நட்டா காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும், அறுபது வருஷம் காய்க்கும், பிள்ளைக்கு ஒரு மரம் பேரனுக்கு ஒரு மரம்னு வச்சது. மாசாமாசம் காய் வெட்டி அதுலதான் பள்ளிக்கூட ஃபீஸு, கல்யாணக் கடன், மருந்துச் செலவு எல்லாம். அது ஒரு ராத்திரியில நின்னுருச்சு. சாஞ்ச மரத்தை வாங்க ஆளில்ல, எல்லா ஊர்லயும் விழுந்து கெடக்கறப்ப யாரு வாங்குவா, விறகு வெலை கூட கெடைக்கல, அப்புறப்படுத்தறதுக்கு நாமதான் காசு குடுக்கணும். அப்படியே விட்டாலும் ஆபத்து, அழுகுற தென்னந்தண்டுல காண்டாமிருக வண்டு முட்டை வச்சுப் பெருகி, மிச்சம் நிக்கற மரத்தோட குருத்தையும் குடைஞ்சு தின்னுடும். அரசாங்கம் மரத்துக்கு 600 ரூவாயும் வெட்டி அகத்த 500 ரூவாயும் சேத்து 1,100 குடுத்துச்சு. இல்லன்னு சொல்லல, குடுத்தாங்க, ஆனா காய்ச்சுக்கிட்டு இருந்த மரத்தோட ரெண்டு வருஷ வருமானம் கூட அது தேறாது.

அந்தக் காசும் பட்டா யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். குத்தகைக்கு எடுத்து உழுதவங்க, செத்துப்போன தாத்தா பேர்லயே பட்டாவை வச்சிருந்தவங்க, அண்ணன் தம்பி பாகம் பிரிக்காம இருந்தவங்க, எல்லாரும் விஏஓ ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைஞ்சாங்க. சித்தப்பா அவசரப்பட்டு மரத்தை வெட்டிட்டாரு, கணக்கெடுக்க வந்தவரு எண்ணறதுக்கு மரம் எங்கன்னு கேட்டாரு. நல்லவேளையா மறுநாள் காலையில நான் ஃபோன்ல எல்லாத்தையும் படம் புடிச்சு வச்சிருந்தேன், தோப்பு முழுக்க நடந்து வீடியோவும் எடுத்திருந்தேன், அதைக் காட்டித்தான் எழுதிக்கிட்டாங்க. வெட்டறதுக்கு முந்தி, ஓட்டைப் பொறுக்கறதுக்கு முந்தி, மாட்டைப் புதைக்கறதுக்கு முந்தி படம் எடுத்துடணும்.

இன்னொண்ணு, வாரக்கடன். கிராமத்துல பாதிப் பொம்பளைங்க குழு லோன் வாங்கியிருப்பாங்க, உங்க அக்காவும் வாங்கியிருக்கலாம், உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. கூரை இல்லாம தார்ப்பாய்க்கு அடியில உக்காந்திருக்கறப்பவே வசூலுக்கு ஆள் வந்து வாசல்ல நின்னுச்சு. எங்க சித்தி மருமக தாலிக்கொடியை அடகு வச்சு மூணு தவணை கட்டுனா. ஆம்பளைங்க திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயிட்டாங்க, பொங்கலுக்கு ஊர்ல பாதி வீட்ல ஆம்பளையே இல்ல. பிள்ளைங்க லேசா காத்து அடிச்சா மேஜைக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சு. சித்தப்பா தெனமும் காலையில போய் விழுந்த மரத்து மேல உக்காந்துக்குவாரு, யாருகூடவும் பேச மாட்டாரு. அந்த நாள்கள்ல பக்கத்து ஜில்லாக்கள்ல மரம் போன துக்கத்துல உயிரை விட்ட விவசாயிங்க சேதி வந்துக்கிட்டே இருந்துச்சு, அதனால வீட்ல யாராவது ஒருத்தர் மாத்தி மாத்தி அவரு பக்கத்துல போய் சும்மா உக்காந்திருப்போம். பேரப்பிள்ளையை மடியில வச்சுட்டு வந்துடுவோம். மாசி மாசம் கண்ணு நட்டப்பதான் பேச ஆரம்பிச்சாரு. அதுல பதினஞ்சு பிழைச்சு இப்ப பாளை விட்டிருக்கு, போட்டோ அனுப்பியிருந்தாங்க.

அதனால தம்பி, நீங்க இங்கேர்ந்து செய்யறதைப் பத்தி என் முடிவு இது. கையில இருக்கற காசை மொத வாரமே மொத்தமா அனுப்பிடாதீங்க. அப்ப கடையே இருக்காது, காசை வச்சுக்கிட்டு வாங்க ஒண்ணும் கெடைக்காது, கெடைச்சாலும் மூணு மடங்கு வெலை. கால் பங்கு உடனே அனுப்புங்க, தண்ணிக்கும் தார்ப்பாய்க்கும். மிச்சத்தை ரெண்டாம் மாசம் மூணாம் மாசம் அனுப்புங்க, அப்பதான் உதவி எல்லாம் நின்னுபோயிருக்கும், கடன்காரன் வந்து நிப்பான், கூரை போட ஆசாரி கெடைப்பான், கண்ணு நடவும் வேளை வந்திருக்கும். நர்கிஸ்லயும் அப்படித்தான், மொத மாசம் ரங்கூன்லேர்ந்து தனித்தனி ஆளுங்க லாரியில அரிசி ஏத்திக்கிட்டுப் போனாங்க, பிக்குமார் மடங்கள்ல ஆயிரக்கணக்குல ஜனத்தை வச்சு சோறு போட்டாங்க, அதெல்லாம் கும்பிட வேண்டிய காரியம். ஆனா போகலேக்காரர் என்கிட்ட சொன்னது, விதை நெல்லும் ஒரு எருமையும் குடுத்தவங்களைத்தான் என் பையன் பேரைச் சொல்லிக் கும்பிடறான்னு. நாங்க சிரியத்துல கோயில்ல கூடிப் பேசி சித்தி ஊருக்கு அனுப்புன காசை தை மாசம் வரைக்கும் புடிச்சு வச்சுத்தான் குடுத்தோம், பாதி பேர் என்கிட்ட கோவிச்சுக்கிட்டாங்க, அதுல பதினோரு வீட்டுக்குக் கூரை போட்டாங்க.

இன்னைக்கு ராத்திரியே அக்காவுக்கு ஃபோன் பண்ணுங்க. புயல் வந்தா எந்த வீட்டுக்குப் போவேன்னு கேளுங்க, பேரைச் சொல்லட்டும், அந்த வீட்டுக்காரங்க நம்பரையும் வாங்கிக்குங்க, கூடவே வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்க ஒருத்தர் நம்பரும் வேணும், அங்க டவர் எல்லாம் விழுந்துட்டா அவங்க மூலமாத்தான் சேதி வரும். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாத்தையும் படம் எடுத்து உங்க ஃபோனுக்கு அனுப்பச் சொல்லுங்க. பட்டா யாரு பேர்ல இருக்குன்னு கேளுங்க, மாமனார் பேர்ல இருந்தா இப்பவே மாத்தச் சொல்லுங்க. குழு லோன் இருக்கான்னு கோவப்படாம கேளுங்க. மாடு இருந்தா அவுத்து விடறதைப் பத்தி சொல்லுங்க. ஊர் பேரும் கடல்லேர்ந்து எவ்ளோ தூரம்னும் எனக்கு எழுதுனீங்கன்னா கூரைக்கு எத்தனை ஊக்கு, எந்த அளவுக் கயிறுன்னு கணக்குப் போட்டுத் தர்றேன்.